எதிரே ஒரு காலி நாற்காலி: கெஸ்டால்ட் சிகிச்சைக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

“கவுன்சலிங் போறேன்” என்று நான் சொன்னதும் சித்தி கேட்ட முதல் கேள்வி, “தஞ்சோங் ரம்புத்தானுக்கா?” ஈப்போ பக்கத்தில் 1911-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை இருக்கிற ஊர் அது. மருத்துவமனை பாட்டுக்கு அதன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. ஊர்ப் பெயர்தான் பாவம், நம் ஆட்கள் வாயில் கேலிச்சொல்லாகிவிட்டது.

நான் போனது அங்கே இல்லை. பங்சாரில் ஒரு கடைவீட்டின் மாடி. இரண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி, மூலையில் ஒரு மின்விசிறி. மூன்றாவதாக ஒரு நாற்காலி யாரும் உட்காராமல் கிடந்தது. யாருக்காவது காத்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கே நடப்பதற்குப் பெயர் கெஸ்டால்ட் சிகிச்சை. போவதற்கு முன்னால் எனக்கு யாராவது சொல்லியிருக்கலாமே என்று பிறகு தோன்றியதையெல்லாம் எழுதுகிறேன். நான் ஆலோசகர் இல்லை. ஒன்றரை வருடம் போய் வந்த ஆள், அவ்வளவுதான்.

இது உங்களுக்கா என்று முதலில் பாருங்கள்

செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்துகொண்டிருந்தால் சிகிச்சை முறைகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிற நேரம் இல்லை. பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் எண் 03-7627 2929. சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. உயிருக்கு உடனே ஆபத்து என்றால் 999. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து வாய் திறக்காதவர்கள் நம்மில் நிறைய. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய சட்டப்பிரிவை 2023-இல் எடுத்துவிட்டார்கள்.

காதில் குரல் கேட்கிறது, நாள் கணக்கில் தூக்கமே இல்லை என்றால் முதலில் டாக்டரைப் பாருங்கள். பக்கத்திலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் பேர் பதியக் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட். அங்கிருந்தே மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை நிறுத்திவிட்டு இங்கே வரக் கூடாது. மருந்து அதன் பக்கம், பேச்சு இதன் பக்கம்.

வாராவாரம் வீட்டுப்பாடம், எண்ணங்களை எழுதிச் சரிபார்க்கும் தாள் என்று கட்டுக்கோப்பாக வேண்டுமென்றால் எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிபிடி என்கிற முறை பொருந்தும். ஆராய்ச்சி ஆதாரமும் அதற்குத்தான் அதிகம். கெஸ்டால்ட் வேறு மாதிரி ஆட்களுக்கு. எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நெஞ்சில் ஒரு கல். ஒரே சண்டையை ஆள் மாற்றி ஆள் போட்டுக்கொண்டிருக்கிறேன். போனவரை நினைத்து அழக்கூட வரவில்லை. இப்படிச் சொல்கிறவர்களுக்கு.

பெயர் வந்த கதை, சுருக்கமாக

கெஸ்டால்ட் ஜெர்மன் சொல். முழு வடிவம், உருவம் என்று பொருள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாக்ஸ் வெர்தைமர், வோல்ஃப்காங் கோலர், குர்ட் கோஃப்கா என்ற மூவர் மனிதக் கண் எப்படிப் பார்க்கிறது என்று ஆராய்ந்தார்கள். நாம் துண்டு துண்டாகப் பார்ப்பதில்லை. ஏதோ ஒன்று முன்னால் வந்து உருவமாகிறது, மற்றதெல்லாம் பின்னணியாகிவிடுகிறது.

இதைப் புரிந்துகொள்ளப் பிரிக்ஃபீல்ட்ஸ் போதும். பசியோடு கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்தால் கண்ணில் படுவதெல்லாம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. சாப்பிட்டு முடித்து அதே தெருவில் திரும்பினால் பூக்கடை தெரியும், பாத்திரக் கடை தெரியும். தைப்பூசத்தன்று பத்துமலைக் கூட்டத்தில் பிள்ளையின் கை நழுவினால் போதும். 42 மீட்டர் முருகன் சிலைகூட அந்த நேரத்தில் மறைந்துபோகும். மஞ்சள் சட்டை போட்ட ஒரு சின்ன உருவத்தை மட்டும் கண் தேடும். தேவை எதுவோ அதுதான் உருவமாகிறது. தேவை தீர்ந்தால் உருவம் கரைந்து அடுத்தது வரும். தீராவிட்டால் அதே உருவம் வருடக்கணக்கில் முன்னால் நின்றுகொண்டு வேறு எதையும் பார்க்க விடாது.

கண்ணைப் பற்றிய இந்தக் கருத்தை வாழ்க்கைக்குக் கொண்டுவந்தவர்கள் ஃபிரிட்ஸ் பெர்ல்ஸும் அவர் மனைவி லாரா பெர்ல்ஸும். ஜெர்மன் யூதர்கள். 1933-இல் ஹிட்லரிடமிருந்து தப்பி நெதர்லாந்து, அங்கிருந்து தென்னாப்பிரிக்கா, போருக்குப் பிறகு நியூயார்க். 1951-இல் பால் கூட்மன், ரால்ஃப் ஹெஃபர்லைன் என்ற இருவரோடு சேர்ந்து ஃபிரிட்ஸ் எழுதிய நூலிலிருந்துதான் இந்தச் சிகிச்சை இந்தப் பெயரில் வழங்குகிறது. அறுபதுகளில் கலிஃபோர்னியாவில் கூட்டத்துக்கு நடுவே ஆட்களை உட்காரவைத்து வறுத்தெடுத்ததில் ஃபிரிட்ஸுக்குப் புகழ் வந்தது. பழைய படப்பதிவுகளைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். இன்று பெரும்பாலோர் செய்வது லாராவின் வழிக்கு நெருங்கியது, நிதானமானது. என்னைக் கேட்டால் பாதிப் புகழ் அந்த அம்மாவுக்குப் போயிருக்க வேண்டும்.

ஆளைத் தேடுவது

மலேசியாவில் ஆலோசகர்களுக்கு 1998-ஆம் ஆண்டின் சட்டம் 580 இருக்கிறது. பதிவு செய்யாமல் ஆலோசகர் என்று பலகை மாட்டுவது குற்றம். பதிவு பெற்றவர்களின் பெயருக்குப் பின்னால் கே.பி., பி.ஏ. என்று போட்டிருக்கும். பதிவு பெற்றவர், தொழில் நடத்தச் சான்றிதழ் உள்ளவர் என்பதன் மலாய்ச் சுருக்கம் அது. அந்த பி.ஏ.வை இளங்கலைப் பட்டம் என்று நினைத்து “வெறும் பி.ஏ.தானா, எம்.ஏ. படிச்சவங்க இல்லையா?” என்று கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன். லெம்பாகா கவுன்செலர் வாரியத்தில் ஒருவர் பதிவு பெற்றவரா என்று சரிபார்த்துக்கொள்ளலாம். மருத்துவ உளவியலாளர்களுக்குத் தனிச் சட்டம்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பதிவு அவர் ஆலோசகர் என்பதற்குத்தான் சான்று. கெஸ்டால்ட் கற்றவரா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். வார இறுதிப் பட்டறை ஒன்றுக்குப் போய்விட்டுக் காலி நாற்காலி வித்தையை மட்டும் கற்றுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. ஐரோப்பாவில் முறையான கெஸ்டால்ட் பயிற்சி பொதுவாக நான்கு வருடம். பயிற்சி பெறுகிறவர் தானும் ஒருவரிடம் போய் உட்கார்ந்து சிகிச்சை பெற்றிருக்க வேண்டும். ஆகவே போனில் கூச்சப்படாமல் கேளுங்கள்: எங்கே, எத்தனை வருடம் படித்தீர்கள்? நீங்களே சிகிச்சைக்குப் போயிருக்கிறீர்களா? உங்கள் வேலையை மூத்தவர் யாராவது மேற்பார்வை செய்கிறாரா? நல்லவர்கள் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்கள். கோபப்பட்டால் ஐம்பது காசு செலவில் ஒரு விஷயம் தெரிந்தது.

அப்புறம் கட்டணம். நான் விசாரித்த தனியார் இடங்களில் ஓர் அமர்வுக்கு 150 ரிங்கிட்டிலிருந்து 300 வரை சொன்னார்கள். 50 நிமிடம், அல்லது ஒரு மணி நேரம். குறைந்த கட்டணத்துக்கு இடம் வைத்திருக்கிறீர்களா என்று கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை, சிலர் வைத்திருக்கிறார்கள். வர முடியாவிட்டால் எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும் என்பதையும் கேட்டுவிடுங்கள். ஃபெடரல் நெடுஞ்சாலையில் மழையில் மாட்டிக்கொண்டு முழுப் பணத்தையும் கட்டிய அனுபவம் பேசுகிறது.

நான் முதலில் போன இடம் வேறு. அங்கே இருந்தவர் பத்தாவது நிமிடத்திலேயே “அப்பாவை மன்னிச்சிடுங்க, யோகா செய்ங்க” என்றார். இதைச் சொல்ல என் வீட்டிலேயே நாலு பேர் இருக்கிறார்கள், காசும் கேட்பதில்லை. இரண்டாவது அமர்வுக்கு நான் போகவில்லை. உங்களுக்கும் ஒத்துவராவிட்டால் போகாமல் இருக்க உரிமை உண்டு.

முதல் நாள்

அறிவுரை கிடைக்காது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள், இல்லாவிட்டால் ஏமாந்த மாதிரி இருக்கும். நாம் வளர்ந்த விதம் அப்படி: பெரியவரிடம் போனால் அவர் நாலு வார்த்தை சொல்ல வேண்டும், நாம் தலையாட்ட வேண்டும். கெஸ்டால்ட்காரர் “ஏன் அப்படிச் செய்தீர்கள்?” என்றுகூட அதிகம் கேட்பதில்லை. ஏன் என்று கேட்டால் நாம் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவோம். காரணம் சொல்வதில் நாம் கெட்டிக்காரர்கள். அவர் கேட்பது “இப்போது என்ன நடக்கிறது?”, “அதை எப்படிச் செய்கிறீர்கள்?”

நான் அப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். சுங்கை சிப்புட்டில் வீடு. 2019 தீபாவளிக்குப் போனபோது பேச்சு முற்றி, பலகாரத்தைக்கூடத் தொடாமல் கிளம்பி வந்தேன். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஏப்ரலில் அப்பா போய்விட்டார். “நீ வராதே, போலீஸ் தடுப்பெல்லாம் இருக்கு” என்றார் அண்ணன். காரியத்தை நான் கைப்பேசித் திரையில் பார்த்தேன். இதையெல்லாம் வானிலை அறிக்கை மாதிரி சொல்லிக்கொண்டு போனேன். எதிரே இருந்த சீன அம்மாள் கதையைத் தொடரச் சொல்லவில்லை. “உங்கள் வலது கை இப்போது என்ன செய்கிறது?” என்று கேட்டார். குனிந்து பார்த்தேன். நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது, விரல் நுனி வெளுக்கும் அளவுக்கு.

உடம்பைக் கேட்பார்கள். முதலில் விநோதமாக இருக்கும். ஆனால் யோசித்துப் பார்த்தால் தமிழன் இதற்குப் புதியவன் இல்லை. வயிறு எரிகிறது, நெஞ்சு அடைக்கிறது, தொண்டையில் முள் மாதிரி, ஈரக்குலை நடுங்குது, பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். இவையெல்லாம் நமக்கு வெறும் பேச்சுவழக்கு. அங்கே அவற்றை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். நெஞ்சில் எந்த இடம்? எவ்வளவு கனம்? அந்தக் கல்லுக்குப் பேச வந்தால் என்ன சொல்லும்? கல்லாவது பேசுவதாவது என்றுதான் எனக்கும் தோன்றியது. கேட்டுப் பார்த்தால் பேசத்தான் செய்கிறது.

எந்த மொழியில் பேசுவது

இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

கோலாலம்பூரில் தமிழ் தெரிந்த கெஸ்டால்ட் ஆள் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். பெரும்பாலும் ஆங்கிலத்திலோ மலாயிலோதான் பேச்சு நடக்கும். ஆபீஸ் மொழியில் சொல்லும்போது எல்லாமே ஆபீஸ் விஷயமாகிவிடுகிறது. என் ஆலோசகரிடம் இதைச் சொன்னேன். “முக்கியமானதைத் தமிழிலேயே சொல்லுங்கள், எனக்குப் புரிய வேண்டியதில்லை, நான் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். அவருக்குத் தமிழில் தெரிந்தது “பசியாறியாச்சா” ஒன்றுதான். அதுவே போதுமானதாக இருந்தது. நீங்களும் இப்படிக் கேளுங்கள்.

இன்னொரு சிக்கல் இலக்கணத்தில் இருக்கிறது. கெஸ்டால்ட்டில் பொறுப்பை ஏற்றுப் பேசச் சொல்வார்கள். “முடியவில்லை” என்று சொன்னால் “செய்ய மாட்டேன்” என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள் என்பார்கள். “மனுஷன்னா அப்படித்தான் இருப்பான்” என்றால் “நான் அப்படி இருக்கிறேன்” என்று சொல்லச் சொல்வார்கள். நம் மொழியில் கோபத்தை நாம் செய்வதில்லை, கோபம் நமக்கு வருகிறது. எனக்கு அழுகை வருது, எனக்குப் பயமா இருக்கு. எங்கிருந்தோ பஸ் ஏறி வந்த விருந்தாளி மாதிரி. “எனக்கு அப்பா மேல கோபம் வருது” என்பதை “நான் அப்பாவைக் கோபிக்கிறேன்” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். செய்யுள் மாதிரி இருந்தது, ஆனால் முதுகு நிமிர்ந்தது. இது எல்லாருக்கும் ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன்.

விழுங்கியதும் அடக்கியதும்

போகப் போகச் சில சொற்கள் காதில் விழும். பயப்பட வேண்டாம், எல்லாம் தெரிந்த விஷயம்தான்.

ஒன்று, மெல்லாமல் விழுங்குவது. பிள்ளைகளுக்குப் பால் மறக்கடித்துக் கெட்டியான உணவு பழக்கும்போது லாரா கவனித்ததிலிருந்து கிளைத்த யோசனை இது. 1942-இல் டர்பனில் வெளிவந்த ஃபிரிட்ஸின் முதல் புத்தகத்துக்குள் போனது. பல் முளைத்த குழந்தை கடித்து, மென்று, வேண்டாததைத் துப்புகிறது. நாமோ “ஆம்பளப் பிள்ளை அழக் கூடாது”, “மூத்தவன்தான் விட்டுக்கொடுக்கணும்” போன்றவற்றை அப்படியே விழுங்கிவிட்டு நாற்பது வயதிலும் செரிக்காமல் உட்கார்ந்திருக்கிறோம். துப்பத்தான் வேண்டும் என்றில்லை. மென்று பார்த்து, சிலதை நான் வைத்துக்கொண்டேன்.

இன்னொன்று, பிறர்மேல் செய்ய வேண்டியதைத் தன்மேலேயே திருப்பிக்கொள்வது. கைப்பிடியை நெரித்த என் கை அதுதான். “நாலு பேர் என்ன சொல்வாங்க” என்பது மூன்றாவது: அந்த நாலு பேரும் பெரும்பாலும் நமக்குள்ளேயே குடியிருக்கிறார்கள், வாடகைகூடத் தருவதில்லை. பேச்சை மாற்றுவது, ஜோக் அடிப்பது, எல்லோரோடும் ஒத்துப்போய்த் தான் யாரென்றே மறந்துபோவது என்று பட்டியல் இன்னும் போகும். இவற்றை நோய் என்று சொல்வதில்லை. ஒரு காலத்தில் நம்மைக் காப்பாற்றிய தந்திரங்கள் என்கிறார்கள். லயத்து வீட்டில் ஒன்பது பேர் இருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருந்தது புத்திசாலித்தனம்தான். இப்போது செந்தூல் அடுக்குமாடியில் இரண்டே பேர் இருக்கும்போதும் அதையே செய்வதுதான் சிக்கல்.

காலி நாற்காலி

எல்லோரும் கேட்பது இதைத்தான். உங்களை நிர்ப்பந்திக்க மாட்டார்கள், நிர்ப்பந்தித்தால் மறுத்துவிடுங்கள். பல மாதம் அந்த நாற்காலி சும்மாவேகூடக் கிடக்கலாம்.

அடிப்படை இதுதான். முடியாமல் நின்றுபோன காரியம் மனதில் தொங்கிக்கொண்டே இருக்கும். 1927-இல் பெர்லினில் ப்ளூமா ஸைகார்னிக் என்ற ஆய்வாளர், பாதியில் நிறுத்தப்பட்ட வேலைகள் முடித்த வேலைகளைவிட நன்றாக நினைவில் நிற்பதாக எழுதினார். பிறகு வந்த சோதனைகளில் எல்லாம் அதே முடிவு வரவில்லை. ஆனால் எங்கள் மாமாக் கடைத் தம்பியைப் பார்த்தால் நம்பத் தோன்றும்: பதினைந்து மேசையின் தே தாரிக் கணக்கும் தலையில் இருக்கும், காசு வாங்கிய மறுநிமிடம் நீங்கள் யார் என்றே தெரியாது. பெர்ல்ஸுக்கே ஒரு பாக்கி இருந்தது. 1936-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து அவ்வளவு தூரம் போய், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டைப் பார்த்தார். வாசலிலேயே நாலு நிமிடம் பேசி அனுப்பிவிட்டார்களாம். கிழவராகும் வரை அதை அவர் மறக்கவில்லை.

நாற்காலியில் அந்த ஆள் உட்கார்ந்திருப்பதாக வைத்து, அவரைப் பற்றிப் பேசாமல் அவரிடமே பேச வேண்டும். பிறகு எழுந்து அங்கே போய் உட்கார்ந்து அவராகப் பதில் சொல்ல வேண்டும். மொரேனோ என்பவர் நடிக்கவைத்தே சிகிச்சை தந்த நாடக முறையிலிருந்து வந்தது இது.

எனக்கு முதலில் வாயே வரவில்லை. “அப்பா, நீங்க...” என்று தொடங்கினால் மரியாதை முன்னால் வந்து நின்றுவிடுகிறது. நீங்க போட்டுக் கோபப்பட்டால் அது கோபமாகவே இல்லை, விண்ணப்பக் கடிதம் மாதிரி இருக்கிறது. அப்போதுதான் ஒப்பாரி நினைவுக்கு வந்தது. வாழ்நாள் முழுக்க அப்பாவை நீங்க என்றே கூப்பிட்ட அத்தைகள் தாத்தா செத்த அன்று “என்ன பெத்த ராசா, விட்டுட்டுப் போனியே” என்று நீ போட்டுத்தான் கேட்டார்கள். செத்தவரை எதிரே வைத்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு, நேராக, கணக்குத் தீர்க்கிற மாதிரி. இந்தச் சீன அம்மாள் நாற்காலி போட்டு எனக்குச் சொல்லித்தந்ததை என் அத்தைகள் முற்றத்தில் பாயைப் போட்டுச் செய்திருக்கிறார்கள். ஒரு வித்தியாசம், நாற்காலியில் அப்பா திருப்பிப் பேசுகிறார். 2020-இல் எங்கள் வீட்டில் ஒப்பாரியும் இல்லை, ஐந்தாறு பேரும் முகக்கவசமும்தான்.

“ஏன்பா நீ போன் பண்ணல?” என்று கேட்டேன். இடம் மாறி உட்கார்ந்தேன். அந்த நாற்காலியில் என் கால்கள் அவர் வைக்கிற மாதிரியே அகன்று போயின. “நீ எடுக்க மாட்டேன்னு நினைச்சேன்” என்று வாயில் வந்தது. அது அவர் சொன்னது இல்லை, எனக்கும் தெரியும். அதற்கு மேல் அன்றைக்கு எதுவும் செய்யவில்லை.

கனடாவில் லெஸ்லி கிரீன்பெர்க் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் இந்த நாற்காலி முறையைத் தனியாக ஆராய்ந்து, உணர்வை மையமாக வைத்த வேறொரு சிகிச்சையாகவே வளர்த்திருக்கிறார்கள். வித்தை என்று ஒதுக்கிவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். அதே நேரத்தில் யூடியூப் பார்த்து வீட்டில் தனியாக இதைச் செய்யாதீர்கள். கிளம்பியதை அடக்கப் பக்கத்தில் ஆள் வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது

ஐந்து நிமிடம் போதும். எல்.ஆர்.டி.யில் உட்கார்ந்துகொண்டே செய்யலாம். “இப்போது எனக்குத் தெரிவது” என்று தொடங்கி மனதுக்குள் வாக்கியத்தை முடியுங்கள். இப்போது எனக்குத் தெரிவது, கதவு மூடும் சத்தம். தோள் இறுகியிருப்பது. எதிரே இருக்கிறவர் என்னை முறைக்கிறார் என்பது. இந்த மூன்றும் மூன்று வகை: வெளியே புலனுக்கு எட்டுவது, உடம்புக்குள் நடப்பது, இரண்டுக்கும் நடுவே மனம் கட்டுகிற கற்பனை. அவர் முறைக்கிறாரா, கண்ணாடி போட மறந்துவிட்டு நிலையப் பெயரைப் படிக்கிறாரா, யார் கண்டது? எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்கப் பழகினாலே, நாள் முழுக்க நடுவிலேயே குடித்தனம் நடத்துகிறோம் என்பது தெரிந்துவிடும்.

எவ்வளவு நாள், எப்போது சரியாகும்

நானும் இதைக் கேட்டேன். ஆர்னல்ட் பைஸர் என்ற மனநல மருத்துவர் 1970-இல் எழுதிய ஒரு கருத்தை என் ஆலோசகர் சொன்னார். தான் இல்லாத ஒன்றாக மாற முயலும் வரை மாற்றம் வராது, தான் எதுவோ அதுவாக முழுதாக இருக்கும்போது அது வருகிறது என்பது சாரம். பைஸர் டென்னிஸ் வீரராக இருந்தவர். 25 வயதில் போலியோ தாக்கி உடம்பு முழுக்கச் செயலிழந்தது. அவர் சொல்வதால் எனக்குக் கேட்கப் பொறுமை வந்தது; வேறு யாராவது சொல்லியிருந்தால் எரிச்சல்தான் வந்திருக்கும்.

கணக்காகச் சொல்வதென்றால், ஆறு அமர்வு போங்கள். ஆறாவதில் “இதுவரை என்ன நடந்தது?” என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். தொடர்வதா, ஆளை மாற்றுவதா, நிறுத்துவதா என்று அப்போது முடிவு செய்யலாம். ஆலோசகர் மேலேயே கோபம் வந்தால் அதையும் அங்கேயே சொல்லுங்கள். அதுவும் சிகிச்சைதான். நிறுத்துவதாக இருந்தால் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு மறையாமல் ஒரு கடைசி அமர்வு போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். முடியாமல் தொங்குகிற கணக்கில் இன்னொன்றைச் சேர்ப்பானேன்?

கடைசியாக ஒன்று. கனமான அமர்வு முடிந்த கையோடு கார் ஓட்டாதீர்கள். நாற்காலியில் அப்பாவிடம் பேசிய அன்று நான் ஓட்டினேன். செந்தூலுக்குத் திரும்ப வேண்டிய இடத்தை விட்டுவிட்டு ஈப்போ போகும் நெடுஞ்சாலை வரை போயிருந்தேன். இப்போதெல்லாம் கீழே இறங்கியதும் மூலைக் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரு தே ஓ குடித்துவிட்டுத்தான் சாவியை எடுக்கிறேன். பார்க்கிங்குக்கு இரண்டு மணி நேரம் சேர்த்தே கட்டிவிடுங்கள்.